ஓருறையும் இரு வாளும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல் எழுந்து நிற்கின்றது. அம்மலையின் கீழ்ப்புறத்தில், ஒன்றற்கொன்று அண்மையில், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் என்னும் இரண்டு ஊர்கள் உள்ளன. முன்னது ஆண்டாள் அவதரித்த திருத்தலம். பதினொரு நிலைக் கோபுரத்தால் பெயர் பெற்றது. பின்னது பஞ்சாலைகளால் வளர்ந்த தொழில் நகரம். இவ்விரண்டு ஊர்களின் தெருக்களில் நின்று மேற்கே நோக்குவார்க்கு மலை எப்பொழுதும் அமைதியின் உருவமாகவே தோன்றும். காலைக் கதிர் படும்பொழுது பொன்னிறமாகவும், மாலையில் நீல நிறமாகவும் அது காட்சி தரும். ஊரில் சந்தை இரைச்சலும் வண்டிகளின் ஓசையும் ஓய்வதில்லை. மலையிலோ ஆரவாரம் ஒன்றும் கேட்பதில்லை.

ஆயினும் அவ்வமைதி வெறுந்தோற்றமே. அம்மலையில் இரவும் பகலும் ஓயாத போர் ஒன்று நடைபெறுகின்றது. அதில் வாளோசை இல்லை. குருதி சிந்துதலும் பெரும்பாலும் இல்லை. ஒரு மரக்கன்று தன் பக்கத்துக் கன்றைவிட ஒரு சாண் உயர்ந்துவிடுகின்றது. கதிரவனின் ஒளியைத் தான் பெறுகின்றது. மற்றது அதன் நிழலில் வாடி மடிகின்றது. ஒரு பறவை விடியுமுன் வந்து அத்திப்பழத்தைத் தின்றுவிடுகின்றது. தாழ்ந்து வந்த பறவை பசியோடு திரும்புகின்றது. இவ்வாறு ஒளிக்காகவும், நீருக்காகவும், உணவுக்காகவும், உறைவிடத்திற்காகவும் உயிர்களிடையே நிகழும் இப்போரை இயற்கை நூலார் ‘போட்டி’ என்று கூறுவர்.

புலி மானைக் கொல்வதைக் கண்டு, இதுவே போட்டி என்று கருதுவார் பலர். அஃது இரை கொள்ளுதல், போட்டியன்று. புலி புல்லை நாடுவதில்லை. மான் ஊனை நாடுவதில்லை. ஒரே புல்வெளியில் மேயும் கடமானுக்கும் புள்ளிமானுக்கும் இடையே நிகழ்வதே போட்டி. அவை ஒன்றையொன்று முட்டிக்கொள்ள வேண்டுவதில்லை. ஒன்றையொன்று காணவும் வேண்டுவதில்லை. ஒன்று மேய்ந்த புல் மற்றொன்றுக்கு இல்லை என்பதே போதும். ஒரே தெருவில் பால்கோவா விற்கும் இருவர் தம்முள் சண்டையிடாமல் இருக்கலாம். எனினும் ஒருவர் கடைக்குச் சென்ற வாடிக்கைக்காரர் மற்றவர் கடைக்கு வருவதில்லை. பால்கோவா விற்பவருக்கும் நூல் விற்பவருக்கும் இடையே அத்தகைய போட்டி இல்லை. ஒத்த தேவை உடையவர்க்குள்ளேதான் போட்டி கடுமையாகும். சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டில் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி வெளியிட்ட தம் நூலில் இக்கருத்தைத் தெளிவாக எடுத்துரைத்தார். நெருங்கிய உறவுடைய இனங்கள் ஒரே உணவையும் ஒரே இடத்தையும் நாடுதலின், அவற்றினிடையே எழும் போட்டியே மிகக் கொடியது என்பது அவர் கண்ட முடிபு.

டார்வின் கருத்தைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்துக் காட்டியவர் உருசிய நாட்டு அறிஞர் காஸ் என்பவர். மாஸ்கோ நகரில் ஆய்வு நடத்திய அவர், தம் முடிவுகளை 1934-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கே. குட்டை நீரில் வாழும் பாரமீசியம் என்னும் ஓரணு உயிரை அவர் தேர்ந்துகொண்டார். அதில் சிற்றினம் ஒன்றையும், அதனினும் சற்றுப் பெரிய இனம் ஒன்றையும் எடுத்துத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்தார். இரண்டும் நன்றாகப் பெருகின. பின்னர் இரண்டையும் ஒரே குழாயில் விட்டு, ஒரே வகையான நுண்ணுயிர்களை உணவாக அளித்து வந்தார். முதற் சில நாட்கள் இரண்டும் பெருகின. பிறகு சிற்றினம் மேலும் பெருக, பெரிய இனம் தேயத் தொடங்கியது. சில வாரங்களுக்குள் அது முற்றிலும் அழிந்தது. பெரியது சிறியதைத் தின்னவில்லை. சிறியதும் பெரியதைத் தாக்கவில்லை. ஒரே உணவை ஒன்று விரைந்து பயன்படுத்திப் பெருகியது. மற்றொன்று பின்தங்கி மாய்ந்தது.

‘ஓருறையில் இரு வாள் அடங்கா’ என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. எல்லா வகையாலும் ஒரே தேவையை உடைய இரண்டு இனங்கள் ஓரிடத்தில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்தல் இயலாது என்னும் உண்மையை அப்பழமொழி ஒருவாறு விளக்குகின்றது எனலாம்.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. இரு வாள் ஓருறையில் அடங்காவாயின், ஒரே மலையில் எண்ணற்ற மரங்களும், பறவைகளும், விலங்குகளும் சேர்ந்து வாழ்வது எங்ஙனம்? வலிய இனம் ஒன்றே எஞ்சி, மற்றவை யாவும் மறைந்திருக்க வேண்டுமன்றோ? இவ்வினாவிற்கும் காஸின் குழாயே விடை தந்தது. அவர் பெரிய இனத்தோடு மூன்றாவது இனம் ஒன்றைச் சேர்த்து வளர்த்தார். இம்முறை இரண்டுமே பிழைத்தன. உற்று நோக்கியபொழுது காரணம் விளங்கியது. ஓரினம் குழாயின் மேற்பகுதியில் மிதந்த நுண்ணுயிர்களைத் தின்று வாழ்ந்தது. மற்றோரினம் அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்று வாழ்ந்தது. ஒரு குழாய் இரண்டு வீடாகப் பிரிந்தது. உறை இரண்டாயின் வாளும் இரண்டு இருக்கலாம்.

ஒரு சிறு குழாயே இரண்டு வீடாகும் என்றால், அடிவாரம் தொட்டு ஏறத்தாழ 2,000 மீட்டர் வரை உயரும் ஒரு மலை எத்தனை வீடுகளாகும்! ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் ஏறுவோர் சில மணி நேரத்திற்குள் பல நாடுகளைக் கடந்து செல்வது போன்ற உணர்ச்சியை அடைவர். கீழே முட்புதரும் வறண்ட காடும் பரந்துள்ளன. செண்பகத்தோப்பு போன்ற அடிவாரப் பகுதிகளில், ஓடைகளின் இரு கரைகளிலும் மரங்கள் நெருங்கி வளர்ந்து பசுமையான பந்தல் அமைக்கின்றன. அதற்கு மேல் இலையுதிர் காடு. இன்னும் மேலே மழை மிகுந்த முகடுகளில் என்றும் பசுமை மாறாத சோலைகள். ஒவ்வொரு படியிலும் வெப்பமும் மழையும் மரமும் வேறுபடுகின்றன.

இம்மலையின் சிறப்புக்குக் காரணமான உயிர் சாம்பல் நிற அணில் ஆகும். வீட்டுக் கூரையில் ஓடும் மூவரி அணிலைப் போன்றதன்று அது. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ளது. உடலின் நீளத்திற்குக் குறையாத வால் உடையது. மேனியின் சாம்பல் நிறத்தில் வெண்மயிர் கலந்து நரை விழுந்தது போலத் தோன்றும். தென்னிந்தியாவின் சில மலைப்பகுதிகளிலும் இலங்கையிலும் தவிர, உலகில் வேறெங்கும் இவ்வினம் இல்லை. இதனைக் காப்பதற்கென்றே 1988-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்களின் மேற்கே ஏறத்தாழ 480 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இதே மலைத்தொடரில் இதன் நெருங்கிய உறவினமான மலையணிலும் வாழ்கின்றது. செம்பழுப்பும் கருமையும் கலந்த முதுகும் வெளிறிய வயிறும் உடைய அது சாம்பல் நிற அணிலைவிடச் சற்றுப் பெரியது. இரண்டும் பகலில் உலவுவன. இரண்டும் மர உச்சியை விட்டுக் கீழே இறங்க அஞ்சுவன. இரண்டும் பழம், கொட்டை, தளிர், பட்டை ஆகியவற்றைத் தின்பன. இரண்டும் கிளைகளுக்கிடையே சுள்ளியும் இலையும் கொண்டு பெரிய கூடு கட்டுவன. டார்வின் கூறியவாறு பார்த்தால், இவற்றினிடையே எழும் போட்டி மிகக் கடுமையாக இருத்தல் வேண்டும். ஆனால் இவை இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு வீடுகளில் குடியிருக்கின்றன. மழை மிகுந்த மேற்காடுகள் மலையணிலுக்கு உரியவை. அடிவாரத்து ஓடைக்கரைக் காடுகளும், அவற்றை அடுத்துள்ள மாந்தோப்பும் புளியந்தோப்பும் சாம்பல் நிற அணிலுக்கு உரியவை. இந்த எல்லை போட்டியால் மட்டுமே அமைந்தது என்று கூறல் பொருந்தாது. மழையும் மரவகையும் அதற்குத் துணைசெய்தன. காரணம் எதுவாயினும், ஒரு மலை இரண்டு வீடானமையால் இரண்டு இனங்களும் பிழைத்திருக்கின்றன.

அணில்கள் இடத்தைப் பங்கிட்டுக் கொண்டன. குரங்கினங்களோ இடத்தோடு உணவையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொண்டன. மேல்மலைச் சோலையில் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் ஒரே மரத்தில் காணப்படுதல் உண்டு. சிங்கவால் குரங்கு பழங்களையும் பூச்சிகளையும் தேடித் தின்னும். கருமந்தியின் இரைப்பை பல அறைகளை உடையது. ஆதலின் பிற குரங்குகளுக்குச் செரிக்காத இலைகளையும் அது உண்டு வாழவல்லது. கீழ்க்காடுகளில் நாட்டுக் குரங்கும் சாம்பல் மந்தியும் திரிகின்றன. இவை யாவும் உறங்கிய பின்னர்த் தேவாங்கு தன் பெரிய கண்களை விழித்துக்கொண்டு மெல்ல நடந்து பூச்சி பிடிக்கத் தொடங்குகின்றது. ஒரே காட்டைப் பகலில் ஒரு கூட்டமும் இரவில் மற்றொன்றும் ஆளுகின்றன.

ஊனுண்ணும் விலங்குகளினிடையேயும் இத்தகைய பங்கீடு உண்டு என்பதை ஆராய்ந்து காட்டியவர் ஏ. ஜே. டி. ஜான்சிங் ஆவார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவர், 1970-களில் சிவகாசியில் உள்ள அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில் நடந்து திரிந்து காட்டுயிர்களைக் கவனித்தார். பின்னர்க் கர்நாடக மாநிலத்துப் பந்திப்பூர்க் காட்டில் 1976 முதல் 1978 வரை செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார். புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய மூன்றும் ஒரே காட்டில் வேட்டையாடுகின்றன. எனினும் புலி கடமான் போன்ற பேருருவ விலங்குகளை நாடுகின்றது. செந்நாய் கூட்டமாகப் பகற்பொழுதில் மானை விரட்டுகின்றது. சிறுத்தை தனித்து இரவில் பதுங்கி வேட்டையாடிப் பல சமயங்களில் இரையை மரத்தின்மேல் ஏற்றி வைத்துக்கொள்கின்றது. பருமனாலும் பொழுதாலும் முறையாலும் வேறுபட்டமையால் மூன்று வேட்டையாளர்க்கும் அங்கே இடம் உண்டு.

இப்பங்கீடுகள் ஒரு நாளில் அமைந்தவை அல்ல. பல்லாயிரம் தலைமுறைகளாக ஒரே மண்ணில் சேர்ந்து வாழ்ந்ததன் பயனாக அவை அமைந்தன. இவ்வாறு சேர்ந்து வாழ்ந்து பழகாத இரண்டு இனங்கள் திடீரென்று எதிர்ப்படின் என்ன நிகழும்? அதற்கும் அணில்களின் வரலாறே சான்று பகர்கின்றது.

இங்கிலாந்தின் காடுகளில் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்தது செவ்வணில். 1876-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் செல்வர் ஒருவர் வட அமெரிக்காவின் சாம்பல் அணில்கள் சிலவற்றைக் கொணர்ந்து செஷயர்ப் பகுதியிலுள்ள தம் பூங்காவில் அழகுக்காக விட்டார். அவரைப் பின்பற்றி வேறு சிலரும் அவ்வாறே செய்தனர். வந்த அணில் உருவில் பெரியது. ஓக் மரத்துக் கொட்டைகளைச் செவ்வணிலைவிட நன்றாகச் செரிக்கவல்லது. ஆதலின் ஒரே காட்டில் அது மிகுதியாகப் பெருகியது. அன்றியும் அதன் உடலில் ஒருவகை அம்மை நோயின் கிருமி இருந்தது. அந்நோய் சாம்பல் அணிலை வருத்துவதில்லை; செவ்வணிலையோ கொன்றுவிடும். உணவில் தோற்றுத் தளர்ந்த செவ்வணில் நோயாலும் மடிந்தது. இன்று இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளின் பெரும்பகுதியில் செவ்வணில் இல்லை. ஸ்காட்லாந்தின் ஊசியிலைக் காடுகளிலும் சில தீவுகளிலுமே அது பெரிதும் எஞ்சியுள்ளது.

இக்கதைக்கு அண்மைக் காலத்தில் ஒரு பின்னுரையும் சேர்ந்துள்ளது. மார்ட்டென் என்னும் மரமேறும் ஊனுண்ணி முற்காலத்தில் வேட்டையாடப்பட்டு அருகியிருந்தது. பாதுகாப்பின் பயனாக அது அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மீண்டும் பரவியது. அது பரவிய காடுகளில் சாம்பல் அணில் குறைய, செவ்வணில் திரும்பத் தலையெடுத்தது. மார்ட்டெனோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய செவ்வணில் அதன் வாடையறிந்து விலகுகின்றது. உடல் கனத்து, தரையில் நெடுநேரம் திரியும் சாம்பல் அணிலோ எளிதில் அகப்படுகின்றது. எனவே, போட்டியில் வெல்வது யார் என்பதை இரு போட்டியாளர்கள் மட்டுமே முடிவு செய்வதில்லை. அவர்கள் நிற்கும் களமும் முடிவு செய்கின்றது.

களமே வெற்றியை முடிவு செய்யும் என்பதை இங்கிலாந்துத் தாவரவியலறிஞர் டான்ஸ்லி 1917-ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். கேலியம் என்னும் சிறு பூண்டில் இரண்டு இனங்களை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்று சுண்ணாம்பு நிலத்தில் இயல்பாக வளர்வது. மற்றொன்று புளிப்புத் தன்மையுள்ள நிலத்தில் வளர்வது. தனித்தனியே விதைத்தபொழுது இரண்டும் இருவகை நிலத்திலும் வளரத்தான் செய்தன. சேர்த்து விதைத்தபொழுதோ, சுண்ணாம்பு மண்ணில் முதலாவது மற்றதை மூடி வளர்ந்தது. புளிப்பு மண்ணில் இரண்டாவது வென்றது. ஆகவே வலிய இனம், எளிய இனம் என்று பிறவியிலேயே பிரிவு இல்லை. ஒரு மண்ணில் வலியது மற்றொரு மண்ணில் எளியதாகின்றது. மண்ணை மாற்றினால் வெற்றியும் மாறும்.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கண்மாய்களையும் தரிசுகளையும் நோக்குதல் வேண்டும். கண்மாயின் கரையிலும் உள்வாயிலும், சாலையோரத்திலும், பயிரிடாது விட்ட புன்செயிலும் முள்மரம் ஒன்று அடர்ந்து நிற்பதைக் காணலாம். அதுவே சீமைக் கருவேல். வேலிகாத்தான் என்றும் அதனை வழங்குவர். மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை அதன் தாயகம். 1877-ஆம் ஆண்டளவில் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் அக்காலச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டன. வறண்ட நிலத்தில் விறகு கிடைக்க வேண்டும் என்பதே அன்றையோர் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது, அதற்கு மேலும் நிறைவேறியது.

அம்மரம் நாட்டு மரங்களை வென்ற வழிகள் பல. முதலாவது, வேர். அதன் வேர் நீரைத் தேடி மிக ஆழத்திற்குச் செல்லும். அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் ஒன்றில் இதன் உறவு மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. மேல்மண் காய்ந்து நாட்டுச் செடிகள் வாடும் கோடையிலும் இது பசுமையாக நிற்பதற்கு அதுவே காரணம். இரண்டாவது, இலை. அதன் பசுந்தழையை ஆடுமாடுகள் விரும்புவதில்லை. உதிர்ந்த இலையில் உள்ள சில இரசாயனப் பொருள்கள் பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. மூன்றாவது, காய். இனிப்புள்ள அக்காயை ஆடுமாடுகள் ஆவலோடு தின்கின்றன. விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து, எருவின் நடுவே முளைக்கின்றது. ஆடு நாட்டு மரத்தின் கன்றைக் கடிக்கின்றது. சீமைக் கருவேலின் விதையை விதைக்கின்றது. நான்காவது, துளிர். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து அது மீண்டும் பல கிளைகளாகத் துளிர்க்கும். ஐந்தாவது, பகையின்மை. தாயகத்தில் அதன் விதையைத் துளைத்துத் தின்று பெருக்கத்தை அடக்கும் வண்டினங்கள் பலவற்றை அது கடலுக்கு அப்பால் விட்டு வந்தது.

இவ்வைந்தும் சேர்ந்தமையால் வெற்றி எளிதாயிற்று. எனினும், களத்தை உழுது தந்தவர் மனிதரே. ஆடுமாடுகள் அளவின்றி மேய்ந்து மொட்டையாக்கிய நிலத்திலும், தூர் எடுக்காது விட்ட கண்மாயிலும், தரிசாகக் கிடந்த புன்செயிலும் அம்மரம் பரவியது. நிழல் அடர்ந்த சோலைக்குள் அது புகுவதில்லை. ஒளியின்றி அதன் கன்று வாழாது.

அதற்குத் துணையாக வந்த மற்றோர் அயற்செடி உண்ணிச்செடி ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களை அழகு செய்வதற்காக அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த அது, இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகள் பலவற்றிலும் புதராக மண்டிக் கிடக்கின்றது. அதன் பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவி முதலிய பறவைகள் விதையை எங்கும் தூவுகின்றன. இலை நஞ்சுடையதாதலின் விலங்குகள் அதனைத் தின்பதில்லை. புதரின் அடியில் ஒளி விழுவதில்லை. அங்கே புல்லும் முளைக்காது, மரக்கன்றும் எழாது. கோடையில் தீப்பற்றினால் அப்புதர் விரைந்து எரிந்து நெருப்பைப் பரப்புகின்றது. பிற கன்றுகள் கருகியபின் உண்ணிச்செடியோ அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றது.

தரையில் நிகழும் இப்போட்டிக்கும் மர உச்சியில் வாழும் சாம்பல் நிற அணிலுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. அவ்வணில் தரையில் இறங்குவதை விரும்பாது. கிளைக்குக் கிளை தாவியே உணவு தேடும். கூடு கட்டும்பொழுதும் பக்கத்து மரங்களின் கிளைகள் தன் மரத்தைத் தொடும் இடத்தையே தேர்ந்தெடுக்கும். கழுகு வானிலிருந்து பாய்ந்தாலும், வேறு பகை மரத்தில் ஏறினாலும், அடுத்த மரத்திற்குத் தாவித் தப்புவதற்கு அதுவே வழி. ஓடைக்கரையில் நிற்கும் முதுமரம் ஒன்று சாய்ந்தால் மரப்பந்தலில் ஓர் இடைவெளி உண்டாகும். அதன் அடியில் இளங்கன்று இருந்தால் சில ஆண்டுகளில் அவ்விடைவெளி நிரம்பும். அங்கே உண்ணிச்செடி மண்டியிருந்தால் கன்று எழுவதில்லை, இடைவெளி நிலைக்கும். முதுமரங்கள் ஒவ்வொன்றாகச் சாயச்சாய, பசுமைப் பாதை துண்டுதுண்டாகும். அணில் தரையில் இறங்க நேரும். அன்றி, ஒரு துண்டில் சிறைப்பட நேரும். விறகு வெட்டுதலும், மிகுந்த மேய்ச்சலும், காட்டுத்தீயும் இத்தீங்கை விரைவாக்குகின்றன. அணிலை எவரும் துரத்தவில்லை; எந்த விலங்கும் அதனோடு போரிடவில்லை. இருந்தும் செடிகளுக்குள் நிகழ்ந்த போட்டியில் அது தன் வீட்டை இழக்கின்றது.

இவற்றை வேரோடு அகற்றிவிட்டால் போதும் என்று எண்ணுதல் இயல்பு. சீமைக் கருவேல் மரங்களை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. தென் மாவட்டங்களில் பணி விரைந்து நடைபெற்றது. அம்மரத்தின் நன்மை தீமைகளை முழுதும் ஆராய்தல் வேண்டும் என்னும் வாதம் எழவே, அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் பிறந்தது. அவ்வாதத்திலும் பொருள் இருந்தது. மழை பொய்க்கும் ஊர்களில் சீமைக் கருவேல் ஏழையின் அடுப்புக்கு விறகாகின்றது. மூட்டம் போட்டுக் கரி சுடும் தொழிலால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அருகில் கிடைக்கும் முள்விறகு, மலைக்காட்டில் விறகு வெட்டும் தேவையை ஓரளவு குறைத்ததும் உண்டு. ஒருவருக்குத் தீங்காவது மற்றொருவருக்குச் சோறாக இருக்கும்பொழுது, ஆராய்ந்து செயற்படுதலே அறிவுடைமை.

மேலும், அகற்றுதல் பாதிப் பணியே. வெட்டிய நிலத்தை வெறுமையாக விட்டால், அங்கே முதலில் முளைப்பது மீண்டும் சீமைக் கருவேலாகவே இருக்கும். ஏனெனில் அதன் விதை மண்ணில் காத்துக் கிடக்கின்றது. அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, அவ்விடத்தில் மண்ணுக்கேற்ற நாட்டு மரத்தை நட்டு, அது நிழல் தரும் அளவு உயரும்வரை ஆடுமாடு கடிக்காமல் காத்தல் வேண்டும். நிழல் விழுந்துவிட்டால் பிறகு காவல் வேண்டுவதில்லை, நிழலே காவலாகும். ஓடைக்கரையில் நீர்மருதும் நாவலும் அத்தியும் புங்கமும் மீண்டும் தழைத்தால், உண்ணிச்செடிக்கு அங்கே ஒளி கிடைப்பதில்லை. மனிதர் வாளெடுத்து அதனோடு என்றென்றும் போரிட வேண்டுவதில்லை. களத்தை நாட்டு மரத்திற்குச் சாதகமாக மாற்றினால், அம்மரமே அப்போரை நடத்திக்கொள்ளும்.

இவ்வுணர்வு இன்று வளர்ந்து வருகின்றது. 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயமும் அதனை அடுத்த மேகமலைக் காடும் இணைக்கப்பட்டு, 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டில் அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கெனத் தமிழ்நாட்டு அரசு கொள்கை ஒன்றை வெளியிட்டது. ‘அகற்று’ என்பதோடு நில்லாமல் ‘மீட்டெடு’ என்றும் அக்கொள்கை கூறுவது குறிப்பிடத்தக்கது.

இயற்கையில் போட்டி ஒழிவதில்லை. ஒழிய வேண்டுவதும் இல்லை. ஒரு மலையைப் பல வீடுகளாகப் பிரித்து, அணிலுக்கும் மந்திக்கும் தேவாங்கிற்கும் தனித்தனி இடம் வகுத்ததில் அதற்கும் பங்குண்டு. பல உறைகள் இருக்கும்வரை பல வாள்களும் இருக்கும். காட்டை மொட்டையாக்குவதும், ஓடையைத் துண்டாக்குவதும், எண்ணிப் பாராமல் அயலினத்தைக் கொணர்வதும் பல உறைகளை முறித்து ஒன்றாக்கும் செயல்கள் ஆகும். ஓருறை எஞ்சினால் ஒரு வாளே எஞ்சும். இராஜபாளையத்துக் கண்மாயில் சீமைக் கருவேல் மட்டுமே நிற்கும் காட்சி அதற்குச் சான்று. செண்பகத்தோப்பின் ஓடைக்கரையில் கிளையோடு கிளை கோத்து நிற்கும் மரங்களின் மேல் சாம்பல் நிற அணில் தாவிச் செல்லும் காட்சியோ இன்னும் மறையவில்லை. அக்கிளைகளின் இடையே இடைவெளி விழாமல் காப்பது அடிவாரத்து மக்கள் கையிலேயே உள்ளது.